பதினான்கு மில்லிமீட்டர்

மார்ச்சில் ஒன்பது.
ஜூனில் ஆறு. அன்று காப்பி இயந்திரத்தில்
இரண்டு கோப்பைக்குக் காசு போட்டுவிட்டு
இரண்டையும் நானே குடித்தேன்.
இன்று, நவம்பர், பதினான்கு.

இடது நெற்றிமடலில்
வெள்ளை விளிம்பு கட்டிய ஒரு வட்டம்.
உள்ளே கறுப்பு.
சுற்றிலும், மழை ஊறிய சுவரைப்போல், வீக்கம்.
மறுபடி அளக்கிறேன். பதின்மூன்றரை.
சுட்டியை ஒரு மயிரிழை நகர்த்தினால் பதினான்கு.
ஜூன் படத்தில் அவர் தலை சாய்ந்திருந்ததோ,
வெட்டுக்கோணம் மாறியிருக்குமோ என்று
ஒரு சாக்குத் தேடுகிறேன்.
தலை நேராகத்தான் இருந்தது.

க்டின்யா துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்
இந்த ஜன்னலில் தெரியும் என்கிறார்கள்.
நான் திரையை விலக்குவதில்லை.
என் வேலைக்கு இருட்டு வேண்டும்.

கதிர் போன வழி எனக்குத் தெரியும்:
முகமூடியில் தலையை இறுக்கி
எல்லாத் திசையிலிருந்தும் ஒரே புள்ளிக்கு,
ஒரே நாளில்.
நுரையீரலிலிருந்து வந்து குடியேறியது
அங்கே செத்திருக்க வேண்டும்.
செத்தாலும் வீங்கும்.
பிழைத்தாலும் வீங்கும்.
நரம்பில் ஏற்றிய சாயத்தை
இரண்டும் ஒரே தாகத்தோடு குடிக்கும்,
ஒரே வெள்ளையாய் ஒளிரும்.

இரத்த ஓட்டப் படத்தைத் திறக்கிறேன்.
சிவப்பென்றால் உயிர் என்று கொள்ளலாம்,
நீலமென்றால் சாம்பல்.
பச்சை.
ஓரத்தில் ஒரு துளி மஞ்சள்;
அதுவும் பக்கத்து நாளம் சிந்திய நிறமோ என்னவோ.

நீறு பூத்திருக்கிறது.
அடுப்பென்றால் ஊதிப் பார்த்துவிடலாம்.

நோயாளிகள் இந்த அறைக்கு வருவதில்லை.
ஜெனோன் ஃபோர்மெலா வந்தார், ஜூனில்,
தொப்பியைக் கையில் பிடித்தபடி.
கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தொரு வருடம்
பற்றவைத்த தகடுகளுக்கு எக்ஸ்ரே எடுத்தவர்.
"நானும் நிழல் படித்துச் சாப்பிட்டவன்தான், டாக்டர்.
என்னுடையதைக் கொஞ்சம் காட்டுங்கள்."
காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தார்,
வேறு யாருடைய தலையையோ பார்ப்பவரைப்போல.

கசடா விரிசலா என்று தெரியாவிட்டால்
அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.
"வெட்டிப் பார்ப்போம். திரும்பப் பற்றவைப்போம்.
கப்பல் காத்திருக்கும்."
சொன்ன பிறகுதான்
எதைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.
இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.

கதவருகே நின்று இன்னொன்றும் சொன்னார்:
"எண்பத்தொன்பதில் ஒரு தையல்.
கசடு என்று கையெழுத்துப் போட்டேன்.
முழு நிச்சயமில்லை.
அந்தக் கப்பல் இன்னும் ஓடுகிறது, பெயர் மாற்றி,
வேறு கொடியின் கீழ்.
புயல் என்றால் இரவுச் செய்தி கேட்காமல்
நான் படுப்பதில்லை."

இன்று அனுப்பிய சீட்டில் ஒரு வரி:
வலது கை சட்டைப் பொத்தான்களைத்
தவறான ஓட்டையில் போடுகிறது.
கட்டி என்றாலும் பொருந்தும்.
வடு என்றாலும் பொருந்தும்.
அறுவை மருத்துவர் லுபோமிர் போனில்,
"உன் உள்மனம் என்ன சொல்கிறது?"
என் உள்மனத்துக்கு அவர் தொப்பி நினைவிருக்கிறது.
அதைக் கேட்கக் கூடாது.

எழுதுகிறேன்:
கதிர்வீச்சால் இறந்த திசுவாக இருக்கலாம்.
கட்டி மீண்டும் வளர்வதை மறுக்க முடியவில்லை.
'இருக்கலாம்' என்பதை அழித்து
'இருக்கக்கூடும்' என்று மாற்றி
மறுபடி பழையபடி ஆக்குகிறேன்.
வீக்கம் வற்ற ஸ்டீராய்டு.
ஆறு வாரம் கழித்து மறுபடம்.

கையெழுத்து.

வீடு திரும்பும் வழியில் வானொலி:
பால்டிக் கடலில் காற்று ஒன்பது,
வடமேற்கிலிருந்து.
எனக்கு அங்கே கப்பல் ஏதுமில்லை.
நிலையத்தை மாற்றாமல் கேட்டேன்.

ஆறு வாரம் என்றால் ஜனவரி ஆறு,
மூன்று ராஜாக்கள் திருநாள், விடுமுறை.
ஏழு என்று குறித்துக்கொண்டேன்.
ஒரு நாளில் எவ்வளவு வளரும் என்று
சிவப்பு விளக்கில் நின்றபடி கணக்குப் போட்டேன்.
ஒரு மயிரிழை.
வளர்வதானால்.